திருஷ்டிப் பொட்டு வைத்த உதவிக் குறிப்பு

அக்காவின் எழுத்தைப் படித்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்காவது அது புரிந்தது என்று இதுவரை தகவல் இல்லை. அவள் எழுதுவது கதையோ கவிதையோ அல்ல, கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும் ஒரு நிரல்மொழிக்குள்ளேயே குடியிருக்கும் உதவிக் குறிப்புகள். கம்ப்யூட்டரில் அந்த மொழியைத் திறந்து, ஏதாவது ஒரு கட்டளையின் பெயரோடு ஒரு கேள்விக்குறியைத் தட்டினால் திரையில் நாலு வரி வந்து நிற்கும். அந்தக் கட்டளை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று சொல்லும் அந்த நாலு வரிதான் அக்காவின் பிழைப்பு. அலுவலகத்தில் அவளுக்கு 'உதவி அக்கா' என்று பெயர். வீட்டில் வெறும் அக்கா.

உதாரணத்துக்கு 'சல்லடை' என்று ஒரு கட்டளை. ஒரு கோப்பில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிவது அதன் வேலை. சின்ன வேலை. அதற்குப் பல வருஷம் திரையில் இருந்த உதவிக் குறிப்பு இது: 'தரப்பட்ட கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம்பெறாதவை அல்லாத வரிகளுள் முதலாவது அல்லாதவற்றை, வேறுவிதமாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலொழிய, சல்லடை விலக்காமல் இருப்பதில்லை.' பொறுமையாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாகத்தான் வரும். பொறுமை உள்ளவன் ஏன் கம்ப்யூட்டரை வாங்கப் போகிறான்?

இதை எழுதியவள் யாருக்கும் புரியாதபடி எழுதத் தெரிந்தே பிறந்தவள் இல்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் துணி துவைக்கும் இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனியில் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். கதவை மூடவும், தண்ணீரைத் திறக்கவும், பச்சைப் பொத்தானை அழுத்தவும். படித்தவர்கள் துணியைத் துவைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். நேர்முகத் தேர்வில் அந்தக் கையேட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தெளிவாக எழுதுகிற ஆளைத்தான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தோம் என்று சொல்லி, சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியே கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்ட மறுநாளிலிருந்து அந்த வியாதியைக் குணப்படுத்தும் வேலையில் இறங்கினார்கள்.

குணப்படுத்தியவர்கள் மூன்று பேர். மொழியை உருவாக்கியதில் பங்குள்ள மூத்த பொறியாளர், கம்பெனியின் சட்ட ஆலோசகர், தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்த ஒரு அம்மாள். அலுவலகத்தில் அவர்களுக்கு மும்மூர்த்திகள் என்று பெயர். கம்பெனியின் பெயரில் வெளியே போகும் ஒவ்வொரு வரியையும் இந்த மூவரும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் தப்பில்லை. தப்பு இன்னொரு விதியில் இருந்தது. சரிபார்ப்பவர் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு திருத்தமாவது சொல்லியாக வேண்டும். ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பினால் அவர் படிக்கவே இல்லை என்று கணக்கு. எவனோ ஒரு புண்ணியவான் எப்போதோ படிக்காமல் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டதால் வந்த விதி.

ஆகவே அக்கா 'நீக்கும்' என்று எழுதினால், அது உறுதிமொழி மாதிரி இருக்கிறது, 'நீக்காமல் இருப்பதில்லை' என்று போட்டுக்கொள்ளுங்கள் என்பார் தரக்கட்டுப்பாட்டு அம்மாள். சட்ட ஆலோசகர் எந்த வாக்கியத்தைக் கண்டாலும் அதன் நடுவில் 'வேறுவிதமாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலொழிய' என்று ஒரு முளையை அடித்துவிட்டுப் போவார். பொறியாளர், யாருக்கும் வராத ஒரு சந்தேகத்தை யோசித்து அதற்கு ஒரு விதிவிலக்கைச் சேர்ப்பார். மூன்று கை பட்டதும் வாக்கியம் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. ஆரம்பத்தில் அக்கா சண்டை போட்டுப் பார்த்தாள். சண்டையும் எழுத்தில் நடந்ததால் அதுவும் சரிபார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது.

அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு நாள் அவசரத்தில் ஒரு குறிப்பில் எண் ஒன்றைத் தப்பாகப் போட்டுவிட்டாள். மூவரும் அந்தத் தப்பின் மேல் பாய்ந்தார்கள். மூவரும் ஒரே திருத்தத்தைச் சொன்னார்கள், மூவரும் மனநிறைவோடு கையெழுத்துப் போட்டார்கள். மற்ற வரிகளில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

அன்றிலிருந்து, மனசுக்குப் பிடித்த குறிப்பு எதையாவது காப்பாற்ற வேண்டும் என்றால் அதில் வேண்டுமென்றே ஒரு பெரிய தப்பை வைப்பாள். கண் தெரியாதவனும் கண்டுபிடிக்கிற மாதிரியான தப்பு. மூவரும் அதைக் கண்டுபிடித்துக் களைப்பாறுவார்கள், குறிப்பு பிழைத்துப்போகும். யாருமே பார்க்காமல் விட்டால், வெளியே போகும் முன் தானே எடுத்துவிடுவாள். மனசுக்குள் இதற்கு அவள் வைத்திருந்த பெயர் திருஷ்டிப் பொட்டு. யாரிடமும் சொன்னதில்லை. பெருமையாகத்தான் இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாத பெருமை.

தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. அதுதான் பின்னால் வினையாக முடிந்தது.

தம்பி ஒரு பேருந்துப் பணிமனையின் அலுவலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். கணினிப் பிரிவு என்றால் அவனும் ஒரு மேசையும் டீசல் வாசனையும்தான். எந்தப் பேருந்து எந்த வழித்தடத்தில் போயிற்று, ஓட்டியவர் யார் என்பதை அன்றாடம் ஏற்றி வைப்பது அவன் வேலை. அவனுக்கு ஒரு வினோதமான குணம் உண்டு. உதவிக் குறிப்பை முதலிலிருந்து கடைசி வரை படிப்பான். உலகத்தில் அதைச் செய்கிற ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும். ஏன்டா இப்படி என்று கேட்டால், எங்கக்கா எழுதினது, படிக்காமல் எப்படி என்பான்.

அக்கா சொன்னால் அவனுக்கு வேதவாக்கு, சின்ன வயதிலிருந்தே. ஒரு முறை அவனைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, நான் வரும் வரை இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு, தோழியோடு பேசிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். மழை கொட்டியது. இரண்டடி தள்ளிக் கூரை இருந்தது. அவன் அதற்கு அடியில் போய் நிற்கவில்லை, 'இங்கேயே' என்று சொல்லியிருந்தாள் அல்லவா. திரும்ப ஓடி வந்து பார்த்தபோது நனைந்த கோழியாக நின்றுகொண்டு, நீ வருவேன்னு தெரியும் என்றான். அம்மா இரண்டு பேரையும் திட்டினாள். அவன் மட்டும் எதற்குத் திட்டு என்று கடைசி வரை புரியாமல் விழித்தான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள். அக்கா ஒரு மணி என்றால் ஒரு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். ஒரு நாளும் பிந்தியதில்லை, ஒரு நாளும் மறுபடி கேட்டதில்லை.

இனி சல்லடைக்கு வருவோம். அந்தக் குறிப்பு அக்காவின் கண்ணில் விழுந்த தூசி. எத்தனையோ வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது. மொழியின் புதிய பதிப்பு வரப்போகிறது, பழைய குறிப்புகளைப் புதுப்பிக்கலாம் என்று துறைத் தலைவர் அறிவித்ததும் முதலில் அதைத்தான் கையில் எடுத்தாள். 'ஒரே வரி பல முறை வந்தால், முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும்.' படித்துப் பார்த்தாள். துணி துவைக்கும் இயந்திரத்தின் பச்சைப் பொத்தான் மாதிரி பளிச்சென்று இருந்தது. இதை மும்மூர்த்திகள் தொட்டால் தன்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

ஆகவே பொட்டு வைத்தாள். பெரிய பொட்டு. 'மூலக் கோப்பு அப்படியே இருக்கும்' என்று அடுத்த வரியில் எழுதினாள். உண்மையில் சல்லடை மூலக் கோப்பின் மேலேயே ஏறி எழுதிவிடும். சலித்தபின் பழையது போன இடம் தெரியாது. அந்த மொழியோடு ஒரு வாரம் பழகினவனுக்குக்கூடத் தெரிந்த சேதி. மூத்த பொறியாளர் பார்த்த மாத்திரத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார் என்று நினைத்து அனுப்பிவைத்தாள்.

அந்த வாரம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அக்கா விடுப்பில் போனாள். அங்கே மூவரும் வேறு ஒரு சண்டையில் மும்முரமாக இருந்தார்கள். 'வைத்துக்கொண்டு' என்பது பேச்சுவழக்கு போலத் தொனிக்கிறதா இல்லையா என்று தரக்கட்டுப்பாட்டு அம்மாள் கிளப்பிவிட, சட்ட ஆலோசகர் வைத்துக்கொள்வது யார், கம்பெனியா பயனாளரா என்று கேட்க, பொறியாளர் அதற்கு ஒரு கூட்டமே கூட்டினார். கடைசியில் வாக்கியம் அப்படியே இருக்கட்டும் என்று தீர்மானமாயிற்று. திருத்தம் சொன்னதாக மூவர் கணக்கிலும் பதிவாயிற்று. அடுத்த வரியை மூன்று பேரில் ஒருவரும் படிக்கவில்லை. அக்கா இல்லாததால் துறைத் தலைவரே அதை எடுத்துப் பதிப்பில் சேர்த்தார்.

அக்கா திரும்பி வந்து பார்த்தபோது பொட்டு திரையில் சிரித்துக்கொண்டிருந்தது. உடனே திருத்தம் கேட்டு எழுதிப் போட்டாள். திருத்தமும் மூவரிடம்தான் போக வேண்டும், அதற்கு வரிசை இருந்தது.

வரிசை நகரும் முன் தம்பியின் போன் வந்துவிட்டது.

பழைய குறிப்பு தலையும் வாலும் புரியாமல் இருந்ததால் அவன் இத்தனை வருஷமும் சல்லடை இருக்கும் திசைக்கே போனதில்லை. அந்தக் குழப்பம் ஒரு வேலி மாதிரி அவனைக் காத்திருக்கிறது, பாவம், யாருக்கும் தெரியவில்லை. புதுக் குறிப்பைப் படித்தான், முதல் தடவையிலேயே புரிந்தது. எந்த ஓட்டுநருக்கு எந்த வழித்தடம் பழக்கம் என்று மேலாளர் கேட்டிருந்தார். அந்த வருஷம் வண்டிகள் போய்வந்த நடைகள் முழுக்க ஒரே கோப்பில் இருந்தன. வரியில் தேதி கிடையாது, வண்டி, வழித்தடம், ஓட்டுநர் மட்டும்தான். தினமும் ஒரே வழியில் ஓட்டுபவருக்குத் தினமும் ஒரே வரி. இதைச் சலித்தால் கேட்டது கிடைத்துவிடும். மூலக் கோப்பு அப்படியே இருக்கும் என்று எழுதியிருக்கிறதே, நகல் எதற்கு என்று தட்டிவிட்டான்.

ஒரு வருஷத்து உழைப்பு ஒரு பக்கமாகச் சுருங்கியது. வருஷம் முழுக்க ஓட்டியவரும், ஒரே ஒரு நாள் மாற்றாளாக வந்து ஓட்டியவரும் ஆளுக்கு ஒரு வரியோடு சமமாக நின்றார்கள். யார் எத்தனை நடை ஓட்டினார் என்பதை வைத்துத்தான் அடுத்த வருஷம் யாருக்கு எந்த வழித்தடம் என்று முடிவாகும். ஓட்டுநர்கள் கூட்டமாக அலுவலகத்துக்குள் வந்துவிட்டார்கள்.

அவன் போனில் கோபப்படவில்லை. பதற்றம்கூட இல்லை. "அக்கா, நீ எழுதினதுதானே அது? ஒரிஜினல் ஃபைல் அப்படியே இருக்கும்னு போட்டிருக்கே. அது எங்கே போய் உட்கார்ந்திருக்கும்? மூணு நாளா தேடுறேன்" என்றான்.

மூன்று நாளாக! இல்லாத கோப்பை, இருக்கிறது என்று அக்கா எழுதிய ஒரே காரணத்துக்காக, கம்ப்யூட்டரின் ஒவ்வொரு மூலையாகத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறான். விசாரித்துச் சொல்கிறேன்டா என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் அலுவலகத்தில் சரிசெய்துவிட்டால், குறிப்பில் பிழை இருந்தது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டுவிடும், தம்பி மேல் பழி வராது, தன் பொட்டு விஷயமும் வெளியே வராது என்று ஒரு கணக்குப் போட்டாள். இப்படிப்பட்ட கணக்குகள் போடும்போது நன்றாகத்தான் இருக்கும்.

திருத்தம் கூட்டத்துக்கு வந்தது. குறிப்பு ஒன்று சொல்கிறது, கட்டளை வேறொன்று செய்கிறது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குறிப்பு தப்பு என்றால் கையெழுத்துப் போட்ட மூவரும் படிக்கவில்லை என்று ஆகிவிடும். மூவர் படித்த குறிப்பு தப்பாக இருக்க முடியாது. ஆகவே கட்டளைதான் தப்பு. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க அந்த அறையில் யாருக்கும் மனமில்லை. பொறியாளர் ஒரு பிற்பகலில் உட்கார்ந்து சல்லடையையே மாற்றிவிட்டார். இனிமேல் அது மூலக் கோப்பைத் தொடாது. குறிப்பில் உள்ளபடி.

துறைத் தலைவர் அக்காவை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். பயனாளர் எதை எதிர்பார்ப்பார் என்பதை முன்கூட்டியே உணர்ந்து எழுதியிருக்கிறார் என்றார். அது தப்பாக எழுதினதுங்க என்று அக்கா முனகினாள். தப்பாக எழுதியதே இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார். மாற்றத்தைப் பற்றி வெளியே ஒரு வரி போயிற்று: 'சல்லடையின் செயல்பாடு ஆவணத்துடன் மேலும் இசைவாக்கப்பட்டுள்ளது.'

பணிமனையில் விசாரணை வைத்தார்கள். உதவிக் குறிப்பை நம்பித்தான் செய்தேன் என்று தம்பி சொன்னான். மேலாளர் நியாயமான மனிதர். அப்படியா, பார்த்துவிடுவோம் என்று அவரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கட்டளையை மாற்றிய பதிப்பு அதற்குள் தானாகவே வந்து இறங்கியிருந்தது. கேள்விக்குறியைத் தட்டினார், மூலக் கோப்பு அப்படியே இருக்கும் என்றது. ஒரு கோப்பைச் சலித்தார், மூலக் கோப்பு அப்படியே இருந்தது. அவர் திரும்பித் தம்பியைப் பார்த்தார். குறிப்பும் சரியாக இருக்கிறது, கட்டளையும் சரியாக இருக்கிறது, நீ வேறு எதையோ செய்துவிட்டு மறைக்கிறாய் என்று சொல்லி, முடிவு தெரியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு மணிக்கு வந்தான். சாப்பாட்டில் கை வைத்தவன் அளைந்துகொண்டே இருந்தான். அம்மா கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள்.

"நான்தான் ஏதோ தப்பா தட்டியிருக்கேன் போலக்கா" என்றான். "என்ன தட்டினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், ஞாபகமே வரலை. குறிப்புல தெளிவாத்தானே இருக்கு. எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு."

அவன் கத்தியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். உன் குறிப்பும் நீயும் நாசமாய்ப் போங்கள் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். தன்னைச் சந்தேகப்படத் தயாராக இருந்தவன், அக்காவைச் சந்தேகப்படலாம் என்ற வழி ஒன்று இருப்பதையே அறியாமல் உட்கார்ந்திருந்தான். அப்போதும் அவள் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் அலுவலகத்தில், மாற்றங்களைப் பற்றிய அறிக்கையில் சேர்க்கச் சொல்லி ஒரே ஒரு வாக்கியம் எழுதினாள்: 'இதற்கு முந்தைய பதிப்பில் சல்லடை மூலக் கோப்பை அழித்தது, அழிக்காது என்று உதவிக் குறிப்பு தவறாகச் சொன்னது.' அதைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அதே பக்கத்தில், வெளியீட்டுத் தேதிக்கு இல்லாத ஒரு மாதத்தைப் போட்டுப் பொட்டு வைத்தாள்.

மும்மூர்த்திகள் இந்த முறை பொட்டைக் கண்டுபிடித்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு இப்படி ஒரு வேட்டை கிடைத்த உற்சாகத்தில், விடாமல் மேலும் கீழும் தேடினார்கள். அந்த ஒற்றை வாக்கியம் அகப்பட்டுக்கொண்டது. வெளியே வந்தபோது இப்படி இருந்தது: 'சில சூழல்களில் முந்தைய பதிப்பின் செயல்பாடு, வேறுவிதமாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலொழிய, ஆவணத்துடன் முழுமையாக இசைந்திருக்காமல் இருந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.' அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு தம்பி மேலாளரிடம் ஓடினான். மேலாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, இது உன் பக்கம் பேசுகிறதா எதிர்ப்பக்கம் பேசுகிறதா என்று அவனையே கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை.

அதற்கு மேல் எழுத்தை நம்பிப் பயனில்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. எழுதிப் பிழைக்கிறவளுக்கு இது புரிய இவ்வளவு நாள் ஆயிற்று. அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, தம்பியையும் வரச் சொல்லிவிட்டு, பணிமனைக்குக் கிளம்பினாள்.

மேலாளரின் அறை பேருந்துகள் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் வழியே தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் விடாமல் கேட்டது. தம்பி சுவரோரம் நின்றான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அக்கா எப்படி ஆரம்பிப்பது என்று பேருந்தில் வரும்போதே பல விதமாக யோசித்து வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோனது.

"அந்தக் குறிப்பை எழுதினது நான்தாங்க. அது பொய்யி. பொய்யின்னு தெரிஞ்சே எழுதினேன். இவன் மேல ஒரு தப்பும் இல்லை" என்றாள்.

மேலாளருக்குப் புரியவில்லை. யாராவது தெரிந்தே பொய்யான உதவிக் குறிப்பு எழுதுவார்களா என்று கேட்டார். அக்கா மூவரைப் பற்றிச் சொன்னாள், ஆளுக்கு ஒரு திருத்தம் என்ற விதியைச் சொன்னாள், பொட்டைச் சொன்னாள். விடுப்பில் போனதையும், பிறகு கட்டளையையே மாற்றிவிட்டதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அலுவலகத்துக்குள் இருந்தபோது அப்படித் தெரிந்ததே இல்லை. மேலாளர் வெகுநேரம் மோவாயைச் சொறிந்துகொண்டிருந்தார். அவர் பணிமனையிலும் மூவர் கையெழுத்துப் போடும் விஷயங்கள் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் கடைசியில் நம்பிவிட்டார்.

"சரிங்கம்மா. இதை அப்படியே எழுதிக் குடுங்க. மேலே காட்டணும்" என்றார்.

கம்பெனி சம்பந்தமாக வெளியே எதை எழுதிக் கொடுத்தாலும் முதலில் மூவரிடம் போக வேண்டும். மீறினால் வேலை போகும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அக்கா அவர் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டாள். சல்லடை மூலக் கோப்பை அழிக்கும் என்று எனக்குத் தெரியும், அழிக்காது என்று வேண்டுமென்றே எழுதினேன், அதை நம்பியவர் மேல் குற்றமில்லை. அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்தைப் போட்டு நீட்டினாள். மேலாளர் ஒரே தடவைதான் படித்தார். அக்காவின் வாழ்க்கையில், வேலைக்குச் சேர்ந்த பிறகு, பொட்டு எதுவும் இல்லாமல் எழுதியபடியே ஒரு மனிதர் கைக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாக்கியம் அது.

தம்பி கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினான். அவன் வழக்கப்படி முதலிலிருந்து கடைசி வரை படித்தான்.

"நான் மூணு நாள் தேடினேனே" என்றான். "அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

அவன் தாளை மேலாளர் மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தம்பிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஓட்டுநர்கள் தங்கள் நடைச் சீட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அவன் மேசையில் கொட்டினார்கள். ஒரு வருஷத்தை முதலிலிருந்து தட்டிக்கொண்டிருந்தான்.

அக்காவின் தாளுக்கு ஒரு நகல் எடுத்து, இது உண்மைதானா என்று கேட்டுப் பணிமனை கம்பெனிக்கு அனுப்பியது. வேலை போய்விடும் என்று அக்கா மேசை இழுப்பறையைக் காலி செய்து, பொருள்களை ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். ஆனால் அவள் வாக்கியங்களையே எடுத்துக்காட்டி எழுதிய கம்பெனியின் பதில் வெளியே போக வேண்டியது, அதனால் மூவரிடம் போயிற்று. 'வேண்டுமென்றே' என்ற சொல் தேவைதானா என்று தரக்கட்டுப்பாட்டு அம்மாள் கேட்டார். அக்கா தெரிந்தே வைத்தாள் என்றால், தாங்கள் தெரியாமலே கையெழுத்துப் போட்டோம் என்று ஆகுமே. சட்ட ஆலோசகர் 'எனக்கு' என்பதை எடுத்துவிட்டார். பொறியாளர் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தார். முடிந்தபோது அந்தக் கடிதத்தில் யாரும் எதையும் செய்திருக்கவில்லை. சில நிகழ்வுகள் நிகழாமல் இருந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அதை வைத்து யார் மேல் நடவடிக்கை எடுப்பது? துறைத் தலைவர், இழுப்பறை ஏன் காலியாக இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அக்கா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி உள்ளே வைத்தாள். தன் குற்றத்தையாவது ஒழுங்காக எழுத விட்டிருக்கலாம் என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குப் பிறகு அவள் எந்தக் குறிப்பிலும் பொட்டு வைக்கவில்லை. குறிப்புகள் பழையபடி யாருக்கும் புரியாமல், யாருக்கும் கெடுதல் இல்லாமல் வெளிவந்துகொண்டிருந்தன.

தம்பி இரண்டு வாரம் வரவில்லை. சீட்டுகள் நிறைய இருக்கின்றன என்று காரணம் சொன்னான். மூன்றாவது ஞாயிறு அக்காவே காலையில் போன் செய்தாள். சாதாரணமாகத்தான் பேசினான். பழைய கதையை இரண்டு பேரும் எடுக்கவில்லை. ஒரு மணிக்குச் சாப்பாடு, வந்துவிடு என்றாள். சரிக்கா என்றான். அக்கா பெரிய பாரம் இறங்கின மாதிரி சமையலறைக்குள் போய் அரிசியைக் களைந்தாள்.

உள்ளே அம்மாவின் போன் அடித்தது. அம்மா ஏதோ பேசுவது கேட்டது. பிறகு போனைக் கையில் பிடித்தபடியே, புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"தம்பிதான். சாப்பாடு ஒரு மணிக்குத்தானான்னு கேட்கிறான்."

"இப்பத்தானேம்மா அவன்கிட்ட சொன்னேன்."

"நானும் அதைத்தான் சொன்னேன். தெரியும்மா, நீயும் ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்கிறான்."

அக்காவின் கை அரிசித் தண்ணீருக்குள் அப்படியே நின்றது. அம்மா பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மணிதான்னு சொல்லும்மா" என்றாள்.